புதுச்சேரி கடற்கரைச் சாலையின் பழைய கலங்கரை விளக்கம்: துறைமுகம் இல்லாத இடத்தில் ஏன் எழுந்தது, மீண்டும் ஏற்றலாமா?

முத்தியால்பேட்டை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம் பற்றிய பாடம் வரும்போது மாணவர்களைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் சென்று, காந்தி திடல், சுங்கத்துறைக் கட்டடம், முதல் உலகப் போரில் உயிர்நீத்தவர்களுக்கான நினைவுச் சின்னம் என ஒவ்வொன்றின் முன்பும் நின்று பேசுவது எங்கள் பள்ளியில் வழக்கம். பழைய கலங்கரை விளக்கத்தின் முன்பு வந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகள் பாடநூலின் எல்லையைத் தாண்டிவிடுகின்றன. 1836ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று அங்கே முதன்முதலாக விளக்கேற்றப்பட்டது, 1931இல் அது மின்விளக்காக மாறியது, தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கம் 1979இல் புதிய கோபுரம் பணிக்கு வந்ததும் பழையது நிறுத்தப்பட்டது என்ற அளவில் நான் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் அவர்கள் கேட்பவற்றுக்குத்தான் உங்கள் உதவியை நாடுகிறேன்.

ஒரு மாணவி, துறைமுகம் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும்போது விளக்கை மட்டும் ஊரின் நடுவில், அலை நேராக மோதுகிற இடத்தில் ஏன் கட்டினார்கள் என்று கேட்டாள். கப்பல்கள் எங்கே நின்றன, சரக்கை எப்படிக் கரையேற்றினார்கள் என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு மாணவன், நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கை நிறுத்திவிட்டு அதே ஊரில் இன்னொன்றைக் கட்டுவானேன் என்று கேட்டான்.

மூன்றாவது கேள்வி என்னுடையது. மாலையில் ஊரே கூடுகிற அந்தச் சாலையில் அந்தக் கோபுரத்தின் உச்சியில் விளக்கை மீண்டும் ஏற்றினால், பிள்ளைகள் அதை ஒரு பழைய கட்டடமாக மட்டும் பார்க்காமல், அது செய்த வேலையையும் கண்ணால் காண்பார்கள் அல்லவா? அப்படிச் செய்வதில் தடை ஏதேனும் உண்டா? கடலையும் வரலாற்றையும் கட்டடக் கலையையும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

பழஞ்சுவடி வாசகர்

அம்மா, தங்கள் மாணவியின் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோபுரம் அங்கே நிற்பதற்கான காரணம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

புதுச்சேரிக்குப் பெரிய கப்பல் நுழையக்கூடிய துறைமுகம் அந்தக் காலத்தில் கிடையாது. சோழமண்டலக் கரை நெடுகிலும் ஏறக்குறைய இதே நிலைதான்; சென்னைக்கும் கூட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை செயற்கைத் துறைமுகம் இருக்கவில்லை. நேராக ஓடும் மணற்கரை, கரையை ஒட்டி ஆழம் குறைந்த கடல், வரிசை வரிசையாக உடையும் அலை என்று இருக்கும் இடத்தில் கப்பல் கரையை நெருங்கவே முடியாது. எனவே அது தொலைவில், ஆழமான நீரில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து ஆட்களும் சரக்கும் சலங்கு என்னும் படகுகளில் கரைக்கு வரும். சலங்கின் பலகைகளை ஆணி அடித்து இணைக்க மாட்டார்கள், தென்னங்கயிற்றால் தைப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், கயிற்றால் தைத்த படகு வளைந்து கொடுத்துத் தாங்கும். ஐரோப்பியர்கள் தங்கள் கப்பலின் சொந்தப் படகுகளை விட்டுவிட்டு இந்தச் சலங்குகளையும் அவற்றைச் செலுத்தத் தெரிந்த நம் மக்களையும் நம்பியிருந்ததற்கு இதுவே காரணம். கடிதம் போன்ற சிறு பொருள்களைக் கட்டுமரக்காரர்கள் கொண்டு சென்றார்கள்.

ஆகவே அந்தக் காலத்துப் புதுச்சேரியின் துறைமுகம் என்பது இன்றைய கடற்கரைச் சாலைக்கு எதிரே உள்ள திறந்த கடல்தான். சுங்கத்துறைக் கட்டடம் அங்கே இருப்பதும் இதனால்தான். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், எந்தக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது, எத்தனை பீரங்கி மரியாதை செய்தார்கள் என்ற செய்திகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஊரின் வரவு செலவு முழுவதும் அந்தத் திறந்த கடலைப் பார்த்தபடி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

திறந்த கடலில் நிற்கும் கப்பலுக்கு ஆபத்து அதிகம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி வாக்கில் பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் இரண்டுமே இந்தக் கரையை விட்டு விலகிப் போய்விடுவது வழக்கம். விலகாமல் நின்றால் என்ன ஆகும் என்பதை 1761 ஜனவரி 1 அன்று அடித்த புயல் காட்டியது. புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்கள் சில அதில் அழிந்தன. அந்தப் புயலும் ஊரைக் காப்பாற்றவில்லை. அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது, கோட்டையும் ஊரும் இடிக்கப்பட்டன.

இரவில் வரும் கப்பலுக்கு வேறொரு தொல்லை. இந்தக் கரை தட்டையானது. மாலுமி தொலைவிலிருந்து கண்டு இது இன்ன ஊர் என்று சொல்வதற்குப் பெரிய மலை எதுவும் கடலோரத்தில் இல்லை. ஊருக்கு வடமேற்கே கோரிமேட்டுப் பக்கம் உள்ள செம்மண் மேட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் செம்மலை என்றே அழைத்தார்கள். கலங்கரை விளக்கம் வருவதற்கு முன்பு அந்த மேட்டில் தீ மூட்டிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள் என்பது உள்ளூர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றும் நீரோட்டமும் கப்பலை வடக்கு நோக்கித் தள்ளும். இருட்டில் புதுச்சேரியைத் தவறவிட்டு வடக்கே போய்விட்ட பாய்க்கப்பல், அவற்றை எதிர்த்துத் திரும்பி வருவதற்குப் பெரும்பாடு படும். விளக்கின் அருமையை உணர்வதற்கு அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

1816இன் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைத் திரும்பப் பெற்றபோது அவர்களுக்குப் பேரரசுக் கனவு எஞ்சியிருக்கவில்லை. வணிகம் மட்டுமே இருந்தது. இங்கே நெய்து நீலச்சாயம் தோய்த்த துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. பின்னர் நிலக்கடலை ஏற்றுமதி வளர்ந்தது. 1836இல் எழுந்த விளக்கு இந்த வணிகத்துக்காக எழுந்தது. சரக்கு இறக்குவதற்கான இரும்புப் பாலம் அதற்குப் பின் 30 ஆண்டுகள் கழித்து, 1866இல்தான் வந்தது. அதுவரை விளக்கு இருந்தது, துறை இல்லை; சலங்குதான் துறையாக இருந்தது. அந்தப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அதற்குப் பிறகு ஊரின் தென்கோடியில் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் இடிந்து விழுந்துவிட்டது.

மாணவர்களிடம் இன்னொன்றையும் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த விளக்கு உள்ளே வரும் சரக்குக்கு மட்டும் எரியவில்லை. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ரெயூனியன் தீவுக்கு 1828 முதலே ஆட்கள் போனார்கள். கரும்புத் தோட்டங்களில் அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்ட பிறகு அந்த ஓட்டம் பெருகி, கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மர்த்தினிக்கை 1853இலும் குவாதலூப்பை 1854இலும் எட்டியது. அவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. கடற்கரைச் சாலையின் வரலாறு என்று ஆளுநர்களின் பெயர்களை மட்டும் அடுக்குகிறவர்கள் இவர்களை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

கடலூர் மாலுமி

நான் வணிகக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது கடலூரில் வசிக்கிறேன். முந்தைய பதிவு முதல் கேள்விக்கு நிறைவான விடை தந்துவிட்டது. மாணவன் கேட்ட இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். அதன் வழியாகத் தங்கள் மூன்றாவது கேள்விக்கும் வந்துவிடலாம்.

ஒரு விளக்கு எவ்வளவு தொலைவுக்குத் தெரியும் என்பதை இரண்டு காரணங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஒளியின் வலிமை, மற்றொன்று உயரம். பூமி வளைந்திருப்பதால், எத்தனை வலிமையான விளக்காக இருந்தாலும் தொடுவானத்துக்கு அப்பால் இருப்பவனுக்கு அது தெரியாது. கணக்கு எளியது: கடல் மட்டத்திலிருந்து விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86ஆல் பெருக்கினால், தொடுவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். காற்றில் ஒளி சற்று வளைவதும் இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. பழைய கோபுரம் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முப்பது என்றே வைத்துக்கொண்டால் சுமார் 21 கிலோமீட்டர் வருகிறது. புதிய கோபுரத்தின் உயரம் 48 மீட்டர். அதற்கு 26 முதல் 27 கிலோமீட்டர் வரும். பார்ப்பவனின் கண் இருக்கும் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். கட்டுமரத்தில் அமர்ந்திருப்பவரின் கண் நீருக்கு மேல் ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் கூடும். 16 மீட்டர் உயரத்தில் இருந்து பார்க்கும் கப்பல் அதிகாரிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கூடும். கரை தட்டையாகவும் கடல் ஆழமற்றும் இருக்கும் இடத்தில், ஐந்தாறு கிலோமீட்டர் முன்னதாக விளக்கைக் காண்பது என்பது கப்பலைத் திருப்புவதற்குக் கிடைக்கும் அவகாசம்.

உயரம் மட்டுமே காரணம் ஆகாது. 1836இல் அந்தக் கோபுரத்தில் எரிந்தவை எண்ணெய் விளக்குகள். எண்ணெய் விளக்கின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும், பின்னால் பளபளப்பான தகடுகளை வைத்து அதைக் கடல் பக்கமாகத் திருப்புவார்கள். அகுஸ்தின் பிரெனெல் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி ஒளியைத் திரட்டும் முறையைக் கண்டு, 1823இல் பிரான்சின் கார்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாகப் பொருத்திக் காட்டிய பிறகு உலகெங்கும் விளக்குகளின் வலிமை பல மடங்கு கூடியது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் எல்லாக் கடலோர நகரங்களுக்கும் ஒரு புதிய இடையூறு வந்தது. 1836இல் இரவு நேரப் புதுச்சேரியில் அந்தக் கோபுரத்துக்குப் போட்டியாக வேறு ஒளி கிடையாது. தெரு விளக்குகள், விடுதிகள், வாகனங்கள் என்று கரை முழுவதும் மின்னத் தொடங்கிய பிறகு, கடலிலிருந்து பார்ப்பவனுக்கு எது வழிகாட்டும் விளக்கு, எது கடை விளக்கு என்று பிரித்தறிவது கடினம். அதனால்தான் நவீன கலங்கரை விளக்கங்கள் உயரமாகவும், ஊரின் ஒளிக் கூட்டத்திலிருந்து விலகியும், தமக்கென ஒரு கால ஒழுங்குடன் விட்டு விட்டு மின்னும்படியும் அமைகின்றன. இத்தனை நொடிக்கு ஒருமுறை, இத்தனை மின்னல் என்பது ஒவ்வொரு விளக்குக்கும் வேறுபடும். இரவில் நாங்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மின்னல்களை எண்ணி, ஒவ்வொரு விளக்கின் மின்னல் ஒழுங்கையும் தரும் விளக்குப் பட்டியலைப் புரட்டி, இது இன்ன இடம் என்று உறுதி செய்வோம்.

விளக்கு இடம் மாறுவதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதற்குச் சென்னையே சான்று. அங்கே 1796இல் ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல்மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளாகத் தொடங்கியது. 1840களில் அதற்கெனக் கட்டிய கல் தூணுக்குப் போனது, 1894இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மாடத்துக்கு ஏறியது, 1977இல் மெரினாவுக்கு வந்து நின்றது. ஊர் வளர வளர விளக்கு இடம் தேடி நகர்ந்திருக்கிறது. அந்தக் கல் தூணும் உயர் நீதிமன்ற மாடமும் இன்றும் இருக்கின்றன. விளக்கை எடுத்துவிட்டதால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பழைய கோபுரத்தின் உச்சியில் சுழலும் விளக்கையோ மின்னும் விளக்கையோ ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன். அழகு பற்றிய கருத்தாக இதைச் சொல்லவில்லை. ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இல்லாத இரண்டு கோபுரங்களிலிருந்து மின்னல் வந்தால், பட்டியலில் இல்லாத இரண்டாவது மின்னலைக் கண்ட மாலுமி முதலாவதையும் சந்தேகிப்பான். நள்ளிரவில், மழையில், கருவி பழுதடைந்த ஒரு படகில் இருப்பவனுக்கு அந்தச் சந்தேகமே கேடு. கடலை நோக்கி நிற்கும் கோபுரத்தின் உச்சியில் ஏற்றப்படும் ஒளி எதுவாக இருந்தாலும், கடலில் இருப்பவன் அதைத் தனக்குச் சொல்லப்பட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்வான். ஆகவே அலங்காரத்துக்காக ஏற்றுவதானால் கூட, கலங்கரை விளக்கங்களுக்கும் கலங்கரைக் கப்பல்களுக்குமான மத்திய அரசுத் துறையின் ஒப்புதல் பெறாமல் எதையும் தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வம்பாகீரப்பாளையத்தான்

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழும் குடும்பம். ஐயா சொன்ன கணக்கு எங்கள் பெரியவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோபுரத்தை வைத்து அவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். அதையும் மாணவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இரவு விளக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மீனவனுக்குப் பகலில்தான் அந்தக் கோபுரம் அதிகம் பயன்பட்டது. கடலுக்குள் ஓரிடத்தில் பாறையோ மூழ்கிய பழைய கப்பலின் உடைசலோ கிடந்தால் அங்கே மீன் சேரும், வலையும் கிழியும். அந்த இடத்தை மறுநாள் எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் உள்ள இரண்டு உயரமான அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும்படி பார்ப்பார்கள். பிறகு வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்களை அதேபோல நேராக வைப்பார்கள். அந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் அவர்கள் தேடும் இடம். கலங்கரை விளக்கம், மாதா கோவில்களின் கோபுரங்கள், தனியாக உயர்ந்து நிற்கும் மரம் என்று ஒவ்வொருவரும் தமக்கென வைத்திருந்த அடையாளங்களை வேறு குடும்பத்தாரிடம் எளிதில் சொல்ல மாட்டார்கள். இப்போது ஜிபிஎஸ் கருவி வந்துவிட்டது. இளைஞர்கள் எண்களைக் குறித்துக்கொள்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 1836இல் கட்டியவர்கள் பாய்க்கப்பலுக்காகக் கட்டிய கோபுரத்தை, கட்டுமரக்காரர்கள் தங்கள் கடலின் வரைபடத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்பது எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுதப்படுவதில்லை.

துறைமுகம் பற்றியும் ஒரு சொல். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களில் கற்களைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் அமைத்தார்கள். எங்கள் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்புச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே வீராம்பட்டினம் பக்கமே தேங்கிவிட்டது. வடக்கே ஊரின் முன்பு இருந்த கடற்கரை கரைந்து போய், கருங்கற்கள் மட்டும் நின்றன. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மக்களுக்குப் படகை இழுத்து வைக்கக்கூட மணல் இல்லாமல் போயிற்று. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகுதான் ஒரு பகுதியிலாவது மணல் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பழைய விளக்கு பார்த்துக்கொண்டிருந்த கடற்கரை, மாணவர்கள் இன்று பார்க்கும் கடற்கரை அல்ல என்பதை அவர்களுக்குச் சொல்லிவிட்டு, அப்படியே எங்கள் ஊருக்கும் அழைத்து வாருங்கள், அம்மா. புதிய கோபுரமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. வலை பின்னும் பெரியவர்களிடம் கேட்டால் மேலே நான் எழுதியதைவிட நன்றாகவே சொல்வார்கள்.

சுண்ணாம்புக் கட்டடப் பொறியாளர்

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில். விளக்கை ஏற்றலாமா என்ற கேள்வியில் கடல் சார்ந்த காரணத்தை ஐயா சொல்லிவிட்டார். கட்டடம் சார்ந்த காரணத்தை நான் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் நம் ஊரில் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலையால்தான் பழைய சுவர்கள் பெரும்பாலும் கெடுகின்றன.

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர் கடலோரத்தில் ஈரத்தை உள்வாங்கும், வெயிலில் அதை வெளியே விடும். உப்பும் அந்த ஈரத்தோடு வந்து மேற்பூச்சில் படியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சை மட்டும் புதுப்பித்தால் உள்ளே இருக்கும் செங்கல் தப்பிவிடும். அதன் மேல் சிமெண்டுக் கலவை பூசினால் ஈரம் வெளியேற வழி இருக்காது. உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே உரித்துவிடும். வெளியே வழவழப்பாக இருக்கும், உள்ளே பொடியாகிக்கொண்டிருக்கும். என் உறவினர் வீடு ஒன்றில் ஒப்பந்தக்காரர் ஒருவர் இப்படிச் செய்த வேலையைப் பின்னர் முழுவதும் கொத்தி எடுக்க வேண்டி வந்தது. கோபுரத்தில் விளக்குகள் பொருத்துவதற்காகத் துளையிட்டு இரும்புத் தாங்கிகளை இறக்கினால் கேடு இன்னும் விரைவாக வரும். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும், பெருகும்போது சுற்றியுள்ள சுண்ணாம்பைப் பிளக்கும்.

இதே சாலையில் 1870களில் எழுந்த மேரி (பிரெஞ்சு மொழியில் நகர்மன்றம்) கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். அது பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. வெளித்தோற்றம் திரும்பி வந்தது குறித்து எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தப் பழைய சுவரில் கொத்தனார்கள் செய்த கை வேலை திரும்பி வரவில்லை. 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சல் புயலையும் தாங்கி நின்ற கலங்கரை விளக்கத்தை, ஒரு விளக்கு அலங்காரத்துக்காகத் துளைப்பதற்கு முன் மேரி கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்கு மாற்றாக 2021இல் வந்த கடல்வழி உதவிகள் சட்டம், பாரம்பரியக் கலங்கரை விளக்கம் என்ற ஒரு வகையை ஏற்றுக்கொள்கிறது. கடல் வழிகாட்டுவதற்கு மட்டும் அல்லாமல் கல்விக்கும் பண்பாட்டுக்கும் அத்தகைய கோபுரங்களைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அதில் உண்டு. எனவே தரையிலேயே, சுவரைத் தொடாத கம்பங்களில் மங்கலான, அசையாத விளக்குகளை வைத்து, கோபுரத்தின் அடியிலிருந்து நடுப்பகுதி வரை ஒளி விழும்படி செய்யலாம். கடல் பக்கம் ஒளி கசியக் கூடாது. உள்ளே உள்ள படிக்கட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் அதிர்வையும் சோதித்து முடிவு செய்த பிறகே மக்களை அனுமதிப்பது பற்றிப் பேச வேண்டும்.

முத்தியால்பேட்டை ஆசிரியை

நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி. கப்பலேறிப் போன கூலித் தொழிலாளர்களின் செய்தியும், கட்டுமரக்காரர்களின் பகல் நேரக் கணக்கும் எங்கள் அடுத்த வகுப்பில் நிச்சயம் இடம்பெறும். வம்பாகீரப்பாளையத்துக்கும் வருகிறோம்.

ஆயினும் ஒரு தயக்கத்தைச் சொல்ல வேண்டும். நடுப்பகுதி வரை விழும் அசையாத ஒளி, கோபுரத்தை மற்ற எந்தக் கட்டடத்தையும் போலத்தான் காட்டும். பக்கத்தில் உள்ள சிலைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் கூட அப்படி ஒளி பாய்ச்சுகிறார்கள். இது ஒரு காலத்தில் கடலோடு பேசிய கட்டடம் என்பது அதில் எங்கே தெரிகிறது? விளக்கு இல்லாத கலங்கரை விளக்கத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி உயிரோடு காட்டுவது? தொடுவானக் கணக்கை வகுப்பறைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் அது இன்னொரு பாடமாகிவிடுமே.

கடலூர் மாலுமி

அம்மா, தங்கள் தயக்கம் நியாயமானது. ஒளி பாய்ச்சினால் கட்டடம் அழகாகத் தெரியும், அதன் வேலை தெரியாது. அந்த வேலையைக் காட்டுவதற்குக் கணக்கைக் கரும்பலகையிலிருந்து கடற்கரைச் சாலைக்குக் கொண்டு போய்விடுங்கள். விளக்கே இல்லாமல் பகலிலேயே செய்யலாம்.

மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கோணமானியின் நடுவில் நூலைக் கட்டி, அதன் முனையில் சிறு கல்லைத் தொங்கவிட்டுக்கொள்ளட்டும். கோணமானியின் நேர் விளிம்பு வழியாகக் கோபுரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நகர வேண்டும். நூல் 45 பாகையைக் காட்டும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து கோபுரத்தின் அடி வரை உள்ள தொலைவோடு மாணவனின் கண் உயரத்தைக் கூட்டினால் கோபுரத்தின் உயரம் கிடைத்துவிடும். அந்தச் சாலை காலையிலும் மாலையிலும் வாகனங்கள் இல்லாமல் நடப்பவர்களுக்கு மட்டும் விடப்படும் நேரத்தில் இதைச் செய்தால் ஆபத்தும் இல்லை. கிடைத்த உயரத்தோடு, தரை கடல் மட்டத்துக்கு மேல் இருக்கும் அளவையும் சேர்த்து, வர்க்கமூலம் எடுத்து, 3.86ஆல் பெருக்கச் சொல்லுங்கள்.

பிறகு கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். கரையில் நிற்கும் அவர்கள் கண்ணுக்குத் தொடுவானம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கும். வெளியே போகும் விசைப்படகின் உடல் முதலில் மறைந்து, மேல்பகுதி சிறிது நேரம் தெரிந்துகொண்டிருப்பதை அவர்களே காண்பார்கள். அதே படகைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து இன்னும் எவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியும் என்று கேளுங்கள். புதிய கோபுரத்தில் ஏற அனுமதி கிடைக்கும் நாளில் மேலே போய் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பழைய விளக்குக்கு அவர்கள் போடும் விடை 20 கிலோமீட்டரை ஒட்டி வந்தால் அளவு சரியாக இருக்கிறது என்று பொருள். வெகுவாக விலகினால் நூல் காற்றில் ஆடியிருக்கும், காற்று அடங்கிய காலை நேரத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.